பூட்டிய கழிப்பறையின் மதிப்பெண்

துப்புரவு அக்கா இறந்ததிலிருந்து பூங்காக் கழிப்பறை பூட்டியே கிடந்தது. ஆனாலும் ‘சேவை எப்படி?’ என்று கேட்கும் உள்ளே மாட்டியிருந்த கருவியில் தினமும் யாரோ சிரித்த முகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

“பூட்டின கக்கூஸுல எவன்யா திருப்தியா இருக்கான்? சாயங்காலத்துக்குள்ள அறிக்கையில பூஜ்யம் வரலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!” என்று நகராட்சி மேலாளர் எழுத்தரிடம் எரிந்து விழுந்தார்.

“இந்தப் பொட்டி என் உயிர வாங்குது,” என்று முனகியபடி எழுத்தர் பேட்டரியைப் பிடுங்கப் போனார். பூட்டைத் திறந்தார். கழுவிய தரை ஈரமாகப் பளபளத்தது.

“காலைத் தொடச்சிட்டு வாங்க தம்பி, இப்பத்தான் கழுவினேன்,” என்றது அக்காவின் குரல்.

எழுத்தர் வாசலிலேயே நின்று காலைத் துடைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை.

“ரொம்ப சுத்தமா இருக்குக்கா,” என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். பூட்டவில்லை.