ஆறு தறி

"அந்தத் தொப்பைப் பொத்தான் எப்போ தெறிக்கும்னு நினைக்கிறே?" என்று நெசவுக்காரி ரேடியோ தன் நாத்தனாரிடம் கேட்டாள். புது மேனேஜர் அவளுக்கு நாலடி தள்ளி, நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"தெறிச்சா எதிர்ச் சுவருல ஓட்டை விழுந்துடும் அண்ணி" என்றாள் நாத்தனார், தறிச் சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மேனேஜர் இருவரையும் பார்த்துப் பொதுவாகத் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. அந்த மில்லில் தறிகள் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. அதனால் நெசவுக்காரிகள் குரலை வீட்டில் விட்டுவிட்டு உதட்டை மட்டும் வேலைக்கு எடுத்து வருவார்கள். வாயை அகலமாகத் திறந்து எழுத்து எழுத்தாக அசைத்தால் போதும், பத்துத் தறி தள்ளி நிற்பவளுக்கும் விளங்கிவிடும். ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஆனால் எட்டு மணி நேரமும் சத்தமே இல்லாமல் பாடுகிற ரேடியோ.

வெளியாட்களுக்கு இதெல்லாம் பிடிபடாது. முதல் நாள் உள்ளே வருகிறவர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசல் எங்கே என்று தேடுவார்கள். இந்த மனுஷர் காதைத் தொடக்கூட இல்லை.

"கன்னத்துச் சதை ஏறிக் காதை அடைச்சிருக்கும்" என்று மூன்றாவது நெசவுக்காரியான கண்ணாடி அக்கா விளக்கம் சொன்னாள்.

சிரித்தார்களே தவிர, மூவரின் கண்ணும் அந்த நோட்டின் மேலேயே இருந்தது. மூன்று பேர், ஆளுக்கு நாலு தறி. இனிமேல் ஆளுக்கு ஆறு என்று மேலிடம் சொல்லியிருந்தது. முடியுமா முடியாதா என்று அரை நாள் நின்று பார்த்து எழுதத்தான் மேனேஜர் வந்திருந்தார்.

ஆறு என்று எழுதிவிட்டால் பன்னிரண்டு தறிக்கு இரண்டு பேர் போதும். கடைசியாகச் சேர்ந்தவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியாகச் சேர்ந்தவள் நாத்தனார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இரண்டு.

"வேலை போச்சுன்னா உங்க வீட்டுலதான் வந்து உட்காருவேன் அண்ணி. எங்கம்மாவும் நானும் பொழுதன்னைக்கும் உங்களைப் பத்தியே பேசிக்கிட்டிருப்போம்."

"அதுக்குப் பயந்துதாண்டி உன்னைக் காப்பாத்தறேன்" என்றாள் ரேடியோ. "ஆளு உன் பக்கம் திரும்பறப்போ நான் சொல்றேன். சொன்னதும் ஒரு இழையை அறு."

இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு மறுபடி கிளப்ப வேண்டும். நாலு தறிக்கே இந்தப் பாடு என்று கண்ணால் பார்த்தால் அந்த ஆள் ஆறைப் பற்றி மூச்சு விட மாட்டான் என்பது ரேடியோவின் திட்டம்.

"இப்போ!" என்றாள்.

நாத்தனார் பதற்றத்தில் நாலு தறியிலும் அறுத்துவிட்டாள். நாலும் ஒரே சமயத்தில் வாயடைத்து நின்றன.

"ஒண்ணு ஒண்ணா அறுடி, கழுதை! இந்த லட்சணத்துல அறுத்தா உனக்கு ஒரு தறியே தாங்காதுன்னு எழுதிடுவான்!"

அதற்கப்புறம் கை படிந்துவிட்டது. அறுத்தார்கள், ஓடினார்கள், முடிச்சுப் போட்டார்கள். மேனேஜர் பார்க்கும்போதெல்லாம் ரேடியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பிள்ளை பெறப் போகிறவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

"நான் வேணா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழட்டுமா?" என்று கேட்டாள் கண்ணாடி அக்கா.

"வேணாங்க்கா. உங்களைத் தூக்கிக்கிட்டுப் போனா எங்களுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டிடுவாங்க" என்றாள் ரேடியோ.

சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. மேனேஜர் நோட்டை மூடிக்கொண்டு கூடத்தின் கோடிக்கு நடந்து, வாசலருகே நின்றார். அவருக்கும் இவர்களுக்கும் நடுவில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

நாத்தனார் ரேடியோவின் பக்கம் திரும்பினாள். "என்ன எழுதினான்னு தெரியலையே அண்ணி. ஆறுன்னா பிள்ளைங்க கிட்ட என்னன்னு சொல்வேன்?"

ரேடியோ தறிகளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள்.

"நாம பண்ணினது பத்தலையோ என்னவோ. ஆளு இன்னும் போகலை. நீ ரெண்டு அறு, நானும் ரெண்டு அறுக்கறேன்."

இருவரும் இழையில் கை வைத்தார்கள். வாசலில் மேனேஜர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். இருவரும் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கத்தவில்லை. வாயை அகலமாகத் திறந்து, உதட்டை மட்டும் எழுத்து எழுத்தாக அசைத்தார்:

"போதும்மா, அறுக்காதீங்க! நாலுதான்னு எழுதி அரை மணி நேரமாச்சு."