இருவருக்கு மட்டும்

அவித்த முட்டைகளை டிஷ்யூ பேப்பரில் சுருட்டி, அவசரமாகக் கைப்பைக்குள் திணிக்கிறாள் அவள். எதிரே கணவன், ஓட்டல்காரர்கள் தந்த கோல்டு கார்டை மேசையில் பளபளக்க வைத்துவிட்டு, மூன்றாவது தட்டை ஒரு கை பார்க்கிறான். ஜன்னல் வெயிலில் கத்தியும் கரண்டியும் கண்ணைக் குத்துகின்றன. "மானத்த வாங்காதடி. கார்டுக்கு ரெண்டு பேருக்குத்தான் டிபன் ஃப்ரீன்னு சொன்னேன்ல?" "அதுக்காக எங்கம்மா ரெண்டு நாளா ரூம்ல பிஸ்கட்டக் கடிச்சிட்டுக் கெடக்கணுமா?" பல்லைக் கடித்துக்கொண்டு சீறுகிறாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும் நேரம் பார்த்து, காபிக் கூஜாவோடு வந்து நிற்கிறார் சர்வர். அவளுக்குக் காது மடல் வரை சூடேறுகிறது. அவரோ சிரிக்கிறார். "எதுக்கு மேடம் மறைக்கிறீங்க? இந்தக் கார்டுக்கு ரூம்ல இருக்கற எல்லாருக்குமே ஃப்ரீதான். மூணு பேரும் வாங்கன்னு நேத்தே சார்கிட்ட சொன்னேனே!"