லபீப் நடந்த கோடு

தஹானி கைப்பையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து ஏழாவது ஜி.பி.எஸ் கருவியின் முதுகில் போட்டாள்.

"வாங்க வந்தீங்களா மேடம், இல்ல பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். மேம்பாலத்துக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, ரிமோட்டுகளையும் சார்ஜர்களையும் கொட்டி வைத்து, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நடக்கும்போது போற வழியைப் பதிவு பண்ணணும். விலை கம்மியா இருக்கணும். பழைய கோடெல்லாம் அழியாம இருக்கணும்."

"அடுத்தவன் நடந்த கோட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? தாயத்துக்குள்ள அடைப்பீங்களா?"

தஹானி திரையைப் பார்த்தாள். ஏழாவதில் யாரோ ஒருவர் கீஸாவுக்கும் மருத்துவமனைக்கும் போய்ப் போய் வந்திருந்தார். கீழே வைத்தாள்.

லபீப் அவளுடைய தம்பி. கெய்ரோவின் சந்துகளை ஒவ்வொன்றாக நடந்து பதிவு செய்வது அவனுடைய பைத்தியம். அதற்காக மூன்று வாரம் கடை கடையாக விசாரித்து, இருப்பதிலேயே மலிவான ஜி.பி.எஸ் கருவியை வாங்கினான். மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு, தபால்தலை போல ஒரு திரை. அதே கருவி ஊரில் ஆயிரம் பேரிடம் இருந்தது.

அப்பா இருவருக்குமாக விட்டுப்போன ஷுப்ரா பகுதி வீட்டில்தான் தஹானி குடும்பத்தோடு அவனும் இருந்தான். வீட்டை விற்கலாம் என்று அவள் கணவன் நஷாத் பேச்செடுக்கும்போதெல்லாம் லபீப் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவான்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அப்படிக் கிளம்பியவன் திரும்பவில்லை என்று நஷாத் சொன்னான். தஹானி அப்போது வெளியூரில், தன்தாவில், அறுவைச் சிகிச்சை முடிந்த அத்தையின் கட்டிலருகே இருந்தாள்.

நஷாத் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினான். சாயங்காலம் வந்து வாசலிலேயே இல்லை என்று தலையை ஆட்டுவான். காவல் நிலையத்தில், வளர்ந்த ஆள்தானே, வருவான் என்றார்கள்.

இந்த ஊரில் திருடியதும் குப்பையில் போட்டதும் கடைசியில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் வரும். ஷுப்ராவில் பிறந்தவளுக்கு அது தெரியும். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள்.

தம்பியின் கருவியைத் தேடுகிறேன் என்று நஷாத்திடம் சொல்லவில்லை. வீண் ஆசை என்பான். லபீப் போன சந்துகளில் தானும் நடக்கப்போகிறேன், மலிவாக ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நஷாத் குவைத்தில் வளர்ந்தவன், இந்தக் கூட்டமும் நாற்றமும் ஆகாது. இருந்தும் காரில் கூட்டிவந்து, டீக்கடையில் காத்திருந்தான்.

"இது ஒண்ணுதான் பாக்கி. குப்பைக்காரங்க மூட்டையில வந்தது. ஷுப்ரா மூட்டை. துடைச்சுதான் வச்சிருக்கேன், மோந்து பாக்காதீங்க," என்று கடைக்காரர் கடைசிக் கருவியை நீட்டினார்.

எட்டாவதில் பேட்டரியைப் போட்டாள்.

முதல் கோடு அவர்கள் வீட்டு வாசலில் தொடங்கியது. இரண்டாவதும். மூன்றாவதும். படியில் இறங்கும்போதே பொத்தானை அழுத்துவது லபீப்பின் வழக்கம்.

தஹானி தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கடைசித் தேதிக்குப் போனாள். அந்தத் திங்கட்கிழமை.

காலை ஒன்பதரைக்குக் கோடு வாசலிலிருந்து கிளம்பியது. கால்வாய்த் தெரு, ரயில் பாலம், பழைய நூல் ஆலை. எங்கேயும் அவசரப்படவில்லை. பிறகு வந்த வழியே வளைந்தது.

மதியம் ஒன்று இருபதுக்கு வீட்டுக்குத் திரும்பியிருந்தது.

தஹானி தேதியை மறுபடி பார்த்தாள்.

கோடு அங்கே முடியவில்லை. கூரைக்குக் கீழே இருந்தால் கருவி தடுமாறும், நின்ற இடத்திலேயே நூல்கண்டு போலக் கிறுக்கும் என்று லபீப் ஒருமுறை காட்டியிருந்தான். அவர்கள் வீட்டின் மேல் அப்படி ஒரு சிக்கல். பதின்மூன்று மணி நேரச் சிக்கல்.

அதிகாலை இரண்டரைக்கு அதிலிருந்து ஒரு கோடு வெளியே வந்தது. நேர்க்கோடு. ஊருக்கு வெளியே போகும் இஸ்மாயிலியா பாலைவனச் சாலையில், மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில்.

லபீப்புக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தெருக்களே இல்லாத ஓர் இடத்தில் கோடு ஐம்பது நிமிடம் நின்றது. பிறகு வந்த வழியே வீட்டு வாசலுக்குத் திரும்பியது. அங்கே யாரோ பொத்தானை அழுத்தி அணைத்திருந்தார்கள்.

"கெடச்சுதா?"

நஷாத் பின்னால் நின்றான். கையில் அவளுக்கும் சேர்த்து இரண்டு டீ.

தஹானி கட்டைவிரலால் மூடியைத் தள்ளினாள். பேட்டரிகள் மடியில் விழுந்தன. திரை அணைந்தது.

"இல்ல. இது ஓடல. வாங்க, போலாம்."

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எது ஓடல? சார், நீங்களே கேளுங்க நியாயத்தை. பத்து நிமிஷமா உக்காந்து அதைத்தானே உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தாங்க! எவனோ போன எடமெல்லாம், மணி நிமிஷத்தோட அப்படியே உள்ள இருக்கு. என் கடையில ஓடாத சாமானா?"

நஷாத் இரண்டு டீயையும் தார்ப்பாயின் மேல் வைத்தான். சிந்தாமல், மெதுவாக வைத்தான்.

"குடு தஹானி," என்று கையை நீட்டினான்.