தன்னை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. பொம்மைகள் பூனையும் கரடியும் என்றுதான் ஞாபகம். 'கரடி தன்னை அடித்ததாகப் பூனை சொன்னது' என்று சீன மொழியில் சொல்லிவிட்டு, கரடி யாரை அடித்தது என்று நன்மொழி சின்னப் பிள்ளைகளிடம் கேட்பாள். அதுதான் அவள் ஆராய்ச்சி. 'தன்னை' என்பதற்கு அந்த மொழியில் 'ஸிஜி' என்று சொல். கரடி கரடியையே அடித்தது என்பார்கள் பிள்ளைகள். பெரியவர்களுக்கோ பூனை அடிவாங்கியதாகவும் படும். பூனையைக் கையில் மாட்டி ஆட்டுபவள், உதவிக்கு வரும் ஷூஃபென்.

ஒருநாள் நன்மொழியின் நான்கு வயது மகள், தன் அப்பா வெய்யின் அக்கா போனில் சீனத்தில் பேசியதை ஒப்பித்தாள்.

"அப்பா ஸிஜியை ரொம்ப விரும்புறாருன்னு ஷூஃபென் சொன்னாங்களாம்மா."

நன்மொழிக்கு அந்த 'ஸிஜி' ஷூஃபென்னாகவும் கேட்டது. "அப்பா யாரை விரும்புறாரு கண்ணு?"

"அப்பாவையேதான்! எப்பப் பாரு கண்ணாடி முன்னாடியே நிக்கிறாருல்ல, மக்கு அம்மா!"

சிரித்து அவளை அணைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் ஷூஃபென்னிடம் கரடியைக் கொடுத்துவிட்டு, பூனையைத் தானே மாட்டிக்கொண்டாள்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அதே பதில் வந்தது. எட்டாவது பிறந்தநாளில் மகள் அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பாவையேதான்மா," என்றாள் மெல்ல.

வெய்யும் ஷூஃபென்னும் இப்போது வேறோர் ஊரில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு மகள் அங்கே போய் வருகிறாள். ஆராய்ச்சி அச்சாகிவிட்டது. பூனை நன்மொழியிடம் இருக்கிறது.