கனமான கைக்கு ஏற்ற ஊசி

"எந்தப் புண்ணியவான் சார் அந்த ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாட்டினது? அவர் கையைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க, கும்பிட்டுக்கறேன்!"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த குட்டித் திருகாணிகள்கூட உருண்டன. எதிரே ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார்.

"நல்ல மனுஷன்னுதான் சார் எல்லாரும் சொல்றாங்க" என்று இழுத்தார்.

"மனுஷன் நல்லவரா இருக்கலாம். காது வேணுமே! எங்கே, அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் சொல்லுங்க."

டிரைவர் கூச்சத்தோடு ஆரம்பித்தார். "டிரம் வர்ற இடமெல்லாம் தொம்மு தொம்முன்னு சுவரே அதிருது. பாடற அம்மா 'ஸ'ன்னு வாயைத் திறந்தா குக்கர் விசில். கடைசிப் பாட்டுக்கு வந்தா பாவம், அந்தம்மாவுக்கு ஜலதோஷமே பிடிச்சுடுது."

"ஆஹா, ஆஹா!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார் கடைக்காரர்.

இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு பிளேயர்களோடு குடித்தனம் நடத்துகிறவர். ஊசிக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். எந்த மெஷினுக்கு எந்தக் கார்ட்ரிஜ், அதாவது ஊசியைப் பிடித்திருக்கும் குட்டிப் பெட்டி, சேரும் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். தொல்லையே அதுதான்.

"மெஷினைப் பாக்காமலே சொல்றேன், கேளுங்க. ஊசியைத் தூக்கிட்டுப் போகுதே ஒரு கை, அது நல்ல கனமான கை. சரியா?"

"அப்படித்தான் சொன்னாங்க... அதாவது, ஆமா சார், கனம்தான்."

"அதுல போய் ரொம்ப மெத்துன்னு இருக்கற கார்ட்ரிஜை மாட்டி வச்சிருக்காரு அந்த மகானுபாவர். குண்டு ஆளை ஸ்பிரிங் கட்டில்ல குதிக்க விட்ட மாதிரி! ரெக்கார்டு லேசா வளைஞ்சிருந்தாப் போதும், கை ஆட ஆரம்பிச்சுடும். அதான் உங்க தொம் தொம். கனமான கைக்கு விறைப்பான கார்ட்ரிஜ்தான் பொருந்தும். போதாக்குறைக்கு ஊசி தேஞ்சிருக்கு, கோணலாவும் நிக்குது. விசிலும் ஜலதோஷமும் அதனாலதான்."

"சரி பண்ண முடியுமா சார்?" டிரைவரின் குரல் கெஞ்சியது. "இந்த வாரத்துக்குள்ள சத்தம் நிக்கலைன்னா வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான்னு வீட்டுல கண்டிப்பா சொல்லிட்டா. இது கிடைக்கவே ஆறு மாசம் நாயா அலைஞ்சேன். பாப்பாவுக்கு ஸ்கூல் பக்கம், எனக்கு டிப்போ பக்கம், ஜன்னலைத் திறந்தா மரம்..."

"அடப் பாவமே! அவங்களுக்குப் பாட்டுன்னா ஆகாதா?"

"பாட்டுன்னா உயிர் சார். நல்ல பாட்டைச் சித்திரவதை பண்றாங்களேன்னுதான் அழறா."

ஊசிக்காரர் உருகிப்போனார். ஒரு கார்ட்ரிஜுக்காகக் கண்ணீர் விடுகிற பெண்மணியை அவர் இருபத்திரண்டு வருஷத்தில் கேள்விப்பட்டதே இல்லை.

இழுப்பறையைத் திறந்தார். முதலில் எடுத்ததை "இது ரொம்ப சாது" என்று திருப்பி வைத்தார். அடுத்ததை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது முகம் மலர்ந்தது. கடையிலிருந்த கனமான கை வைத்த மெஷினில் அதை மாட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோணத்தைச் சரி பார்த்தார். பட்டாணி அளவுத் தராசில் ஊசியை இறக்கி எடை பார்த்தார். பிறகு, வேண்டுமென்றே வளைந்த ரெக்கார்டு ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார்.

பாட்டு பிசிறில்லாமல் வந்தது. டிரம் அதன் இடத்தில் ஒழுங்காக விழுந்தது. 'ஸ' வந்தது, விசில் வரவில்லை.

டிரைவருக்குச் சந்தோஷத்தில் கால் தானாகத் தாளம் போட்டது. "சார்! கடைசிப் பாட்டு?"

போட்டுக் காட்டினார். ஜலதோஷம் போயே போய்விட்டது.

"இதையே கொடுத்துடுங்க சார்! இன்னைக்கே எங்க வீட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்குவோம்."

"கொடுக்கறேன். ஆனா அந்தப் புண்ணியவான் கையில மட்டும் போகக் கூடாது. மறுபடியும் கோணலா மாட்டித் தொலைப்பாரு. நானே வந்து மாட்டறேன்."

"நீங்களேவா?"

"யார் வீட்டுக்கும் நான் போறதில்லை. உங்க வீட்டம்மாவோட காதுக்காக வர்றேன். விலாசம் சொல்லுங்க" என்று நோட்டைப் புரட்டினார்.

டிரைவர் எழுந்து, வாசல் பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார். "பூங்காவுக்கு எதிர்ல, மஞ்சள் கட்டடம் சார்."

"அட, நானும் அங்கதான்! உங்களைப் பாத்ததே இல்லையே?"

"போன மாசம்தான் குடிவந்தோம். விடியறதுக்கு முன்னாடி டியூட்டிக்குக் கிளம்பிடுவேன்."

"ரொம்ப வசதியாப் போச்சு. எத்தனாவது மாடி?"

"நாங்க ரெண்டாவது மாடி சார். மெஷின் இருக்கறது மூணாவது மாடி, லிஃப்டை ஒட்டின வீடு."

எழுதிக்கொண்டே வந்த ஊசிக்காரரின் பேனா நின்றது. "யோவ், அது என் வீடு!"

"ஆமாங்க சார்" என்று கைகூப்பினார் டிரைவர். "உங்க வீட்டம்மாதான் என்னை அனுப்பிச்சாங்க. பொண்டாட்டி சொன்னா உங்க காதுல ஏறாதாம், கஸ்டமர் சொன்னா வீடு தேடி வந்து சரி பண்ணிடுவீங்களாம்!"