கூண்டுக்குக் கொடுத்த குரல்

வத்சலாவின் தொண்டைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று எங்கள் ஏரிக்கரைத் தெருவே கேலி செய்யும். இப்போது நிஜமாகவே வைத்துவிட்டார்கள்.

பூனை அளவு இருக்கும் நீரெலிகள் இரண்டை ஆசைக்கு வாங்கி, சமாளிக்க முடியாமல் ஏரியில் விட்டவள் அவள்தான். அவை பெருகிக் கரையையே குடைந்துவிட்டன. பிடிக்க வந்தவர்கள் அவள் குரலைப் பதிவு செய்து வாங்கிப் போய், அதே குரலில் பேசும் கருவியைக் கூண்டுகளில் வைத்தார்கள். வேறு யார் கூப்பிட்டாலும் மூத்தவை வராதாம். மூத்தவை வந்தால்தான் குட்டிகளும் வருமாம்.

இப்போது மாலையானால் கூண்டுகள் அவள் குரலில் தாமாகவே புதிது புதிதாகக் கொஞ்சுகின்றன. "பட்டுக்குட்டி, சாப்பிட வாடி!" தண்ணீர் சலசலக்கும். கதவுகள் விழும். உள்ளே போனது எதுவும் உயிரோடு திரும்புவதில்லை.

"ஏன் வத்சலா, பொண்ணைக் கூப்பிடுற மாதிரியே இருக்கே?" என்று மதிலுக்கு மேல் எட்டிக் கேட்டேன். என்னால் சும்மா இருக்க முடியாதே!

"அதுங்களையும் அப்படித்தானேக்கா கூப்பிட்டேன்?"

தெருக்கோடியில் அவள் மகள் நிலானி விளையாடிக்கொண்டிருந்தாள். சோறு ஆறியது. வத்சலா வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு தூரம் நடந்துபோய் மகளின் கையைப் பிடித்தாள்.

"எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தே?" என்றாள் நிலானி. "கூப்பிட்டிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே!"