மலையடிவாரத்தில் ஏறும் முள்

"அண்ணே, நெசமாவே நீங்க மெக்கானிக்குதானா? மூணு சென்சாரு மாத்திட்டீங்க. மூணு வாட்டியும் மலையடிவாரத்துல சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிடுச்சு. இன்னாண்ணே இது?"

ராஜாங்கத்தின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று சின்னதுரை கத்தினான். பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

ராஜாங்கத்துக்கு மானம் கப்பலேறியது. கள்ளக்குறிச்சியில் இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவன். இன்ஜின் சூட்டைப் பார்த்துச் சொல்கிற ஒரு சுண்டைக்காய் சென்சார் அவனைச் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"கத்தாதய்யா. சென்சாரக் கழட்டி சுடுதண்ணியில போட்டு மீட்டர் வச்சிப் பாத்துட்டேன். நல்லாதான் இருக்குது."

"அப்புறம் ஏன் ஏறுது? சின்னசேலம் போனா ஏறல, உளுந்தூர்பேட்டை போனா ஏறல. வெள்ளிமலைக்கு எங்கம்மா வூட்டுக்குக் கெளம்புனா மட்டும் ஏறுது! இன்ஜின் வெந்துடுமோன்னு பயந்து திரும்பிடுறேன். அங்க எங்கம்மா, எம்மவன் என்னை மறந்துட்டான்னு மலை பூரா சொல்லிக்கினு இருக்குது."

"பாவம் அத்தை" என்று காருக்குள்ளிருந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள் சின்னதுரையின் மனைவி ஆண்டாள். "ஒவ்வொரு வாட்டியும் முறுக்கு சுட்டு எடுத்துக்கினு போறேன். பாதியில திரும்பி நாங்களே துன்னுடுறோம்."

"உங்க வேனுக்கும் இதே சூட்டு நோவுதானாமே?" சின்னதுரை விடவில்லை. "ரிஷிவந்தியத்துல இருக்கிற உங்கம்மாவையே போய்ப் பாக்க முடியல. நீங்க என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

டீக்கடை சிரித்தது. சொன்னது பொய்யில்லை. ஊர் வண்டிகளைப் பார்க்கவே நேரம் போதாதவனுக்குச் சொந்த வேனில் கைவைக்க எங்கே நேரம்? கடைக்குள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ராஜாங்கத்தின் மனைவி கண்ணகி தலை நிமிரவில்லை. ஒயரிங் வேலையில் அவனைவிட அவளுக்குத்தான் கை சுத்தம்.

ராஜாங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எடு வண்டிய! நானும் வர்றேன். இன்னிக்கு இது மலை ஏறலன்னா ஸ்பேனரெல்லாம் கோமுகி அணையில போட்டுட்டு மாடு மேய்க்கப் போறேன்."

"இந்த வெயில்ல இன்னாத்துக்குங்க?" என்றாள் கண்ணகி அவசரமாக. "இன்னொரு சென்சார மாட்டி அனுப்புங்களேன்."

"நீ சும்மா இரு!"

கச்சிராயபாளையம் தாண்டியது. அணையும் தாண்டியது. முள் நடுவிலேயே நின்றது. ராஜாங்கம் மீசையைத் தடவினான். முதல் வளைவு வந்ததுதான் தாமதம், முள் விருட்டென்று எகிறிச் சிவப்பில் போய் நின்றது.

"ஐயோ, வண்டி வெடிக்கப் போவுது! திருப்புங்க, திருப்புங்க!" என்று அலறினாள் ஆண்டாள்.

நிறுத்தி பானெட்டைத் திறந்தார்கள். கொதிப்பு இல்லை, ஆவி இல்லை. சூடு எப்போதும் இருக்கிற அளவுதான். ராஜாங்கம் சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கினால் முள் கீழே விழுந்தாக வேண்டும்.

"முள்ளு எங்க நிக்குது?"

"செவப்புலயேதாண்ணே!"

"அப்படின்னா சென்சாரு மேல குத்தமே இல்ல. ஒயரு உள்ள எங்கியோ வண்டி பாடியில தட்டுது, தட்டுனா முள்ளு ஏறத்தான் செய்யும். நீ போயி ஓடையில ஒரு கேன் தண்ணி மொண்டுக்கினு வா. ஆண்டாளு, நீ கொஞ்சம் எறங்கும்மா."

"கால் மரத்துப் போச்சுண்ணா" என்றாள் அவள். அசையவில்லை.

சின்னதுரை கேனோடு இறங்கிப் போனான். ராஜாங்கம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். சூட்டு முள்ளுக்குப் போகிற ஒயரில் புதிதாக ஓர் ஒட்டு. அதிலிருந்து பிரிந்த நீல ஒயர் ஆண்டாள் பக்கமாகப் போய்க் கால் வைக்கிற ரப்பர் விரிப்புக்குள் நுழைந்தது. விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் பொத்தான் ஒன்று இருந்தது. விரிப்புக்குள் நுழைந்திருந்த மெட்டி போட்ட காலின் பெருவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

"கால எடும்மா."

எடுத்தாள். முள் சடக்கென்று கீழே விழுந்தது.

"அடிப்பாவி!"

"கத்தாதீங்கண்ணா, அவருக்குக் கேக்கப் போவுது" என்று கும்பிட்டாள் ஆண்டாள். "அங்க போனா பத்து நாளு. இவரு கட்டில்ல காலை நீட்டிப் படுத்துக்குவாரு. சாணி அள்றதுலேர்ந்து சட்டி கழுவுறது வரைக்கும் என் தலையில. அதுலயும் குத்தம் சொல்லும் அந்தக் கெழவி."

"அது உங்க வூட்டுப் பாடு. என் மானத்த வாங்குனீங்களே! இவ்ளோ சுத்தமா ஒட்டுப் போட்டது எவன்? சொல்லு, அவன் கைய ஒடைக்கிறேன்."

"அவன் இல்லண்ணா, அக்கா."

"எந்த அக்கா?"

"நம்ம கண்ணகி அக்காதான். உங்க வேன்ல நாலு வருசமா ஒண்ணு வச்சிருக்காங்களாம். 'எங்க வூட்டு மெக்கானிக்கு கண்ணுலயே படல, ஒம் புருசன் எந்த மூலைக்குடி'ன்னு சொல்லித்தான் எனக்கும் வச்சிக் குடுத்தாங்க."